ஞாயிற்றுப் புயலும் உவமையின் எல்லையும்

ஞாயிற்றின் முன்னிலையில் ஒரு தாமரை மலர்கின்றது. ஒன்று முகையாய் நிற்கின்றது. ஒன்று வாடி உலர்கின்றது. ஞாயிறு இவற்றுள் ஒன்றனை விரும்பி மற்றொன்றனை வெறுப்பதில்லை. முதல்வனது சந்நிதியில் உயிர்கள் வெவ்வேறு பயன் எய்துதற்கும், அவ்வேறுபாடு பற்றி முதல்வன் திரிபடையாமைக்கும் நம் ஆசிரியன்மார் இதனை உவமை கூறுவர். இக்காலத்து வானநூல் கற்றார் சிலர், “ஞாயிறுதானே திரிபுடையது, அதன்கண் எழும் புயல் நிலவுலகின் மேல்வளியையும் கலக்குகின்றது, ஆகலின் உவமை பொருந்தாது” என்பர். இவ்வினா இகழத்தக்கதன்று. விடை காண்டற்கு முன் அப்புயலின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஞாயிற்றின்கண் காந்த ஆற்றல் முறுக்குண்டு வெடிக்குங்கால் ஊடுகதிரும் புறவூதாக்கதிரும் வெளிப்பட்டு ஏறத்தாழ 8 நிமிடத்தில் ஈண்டு எய்தும். காந்தப்புலத்தைச் சுமந்த மின்துகள் முகிலும் சிலபோது உடனெழுந்து, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் வந்தடையும். 1859 செப்டம்பர் 1-ஆம் நாள் ரிச்சர்டு காரிங்டன் என்னும் ஆங்கில வானநூலார் ஒரு வெடிப்பைக் கண்டனர். அதன் முகில் 18 மணி நேரத்திற்குள் வந்து தந்திக் கம்பிகளைக் கலக்கியது. முகிலின் காந்தத்திசை நிலவுலகின் காந்தத்திசைக்கு எதிராய் அமையின் அதன் ஆற்றல் மிகுதியாக உட்புகும். புகுந்த ஆற்றல் துருவப் பக்கங்களில் மின்னோட்டமாய்ப் பாய்ந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள மெல்லிய வளியைச் சூடேற்றும். சூடேறிய வளி விரிந்து மேலெழும். எழவே, முன்னர் வெறுவெளிபோல் இருந்த உயரத்தே வளி செறிந்து, ஆண்டுச் சுழலும் செயற்கைக்கோள்களை உராய்ந்து தாழ்த்தும். பயன்படும் கோளை வீழ்த்தும் அவ்விழுப்பே, பயனற்றுச் சுழலும் சிதைவுகளையும் வீழ்த்தி வானைத் தூய்மை செய்யும்.

அண்மையில் நிகழ்ந்த சான்று இரண்டு காட்டுதும். 2022 பெப்ரவரி 3-இல் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தார் 49 ஸ்டார்லிங்க் கோள்களை ஏவி, முதற்கண் ஏறத்தாழ 210 கிலோமீட்டர் உயரத்தே செலுத்தினர். அப்பொழுது எழுந்த காந்தப்புயல் இடைத்தரத்தின் மேற்பட்டதன்று. ஆயினும் வளியின் இழுப்பு முன்னை ஏவல்களிற் கண்டதினும் 50 விழுக்காடு வரை மிக, 38 கோள்கள் மேலெழமாட்டாது வீழ்ந்தன. 2024 மே 10, 11 நாள்களில் எழுந்ததோ, 2003-க்குப் பின்னர் நிகழ்ந்தவற்றுள் மிகப் பெரிய புயல்; அளவுகோலின் உச்சியாகிய ஐந்தாம் தரத்தது. லடாக்கின் ஹான்லேயிலும் வானிற் செவ்வொளி தோன்றிற்று. அன்று ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தே சுழன்ற அவ்வினத்துக் கோள்கள் பல்லாயிரம். அவை தாழ்ந்தும், தம் உந்துபொறியால் மீண்டும் உயர்ந்து, பெரும்பான்மையும் நிலைபெற்றன. சிறுபுயல் வீழ்த்தியவிடத்துப் பெரும்புயல் வீழ்த்திற்றிலது என்னை? ஏற்கும் பொருள் நின்ற நிலை வேறாயினமையின் என்க.

எனவே உவமை கொண்ட பொருள் இப்புயலால் வலியுறுகின்றது. அற்றேல், ஞாயிறு திரிபுறுதல் கண்கூடாயிற்றே எனின், கூறுதும். உவமை ஒருபுடை ஒப்புமையே. பவளம் போலும் வாய் என்றார்க்கு வாய் கல்லாதல் வேண்டா. ஞாயிறு சடப்பொருள், தோன்றி மாறி ஒடுங்கும் இயல்பிற்று. அதன்கண் எழும் புயல் அதன் உள்ளியல்பால் எழுவது. தாமரை வாடியது பற்றியோ, கோள் வீழ்ந்தது பற்றியோ அது திரிந்ததில்லை. உவமைக்கு வேண்டுவது அத்துணையே. முதல்வன் எவ்வாற்றானும் திரிபிலன் என்பது பிற அளவைகளால் துணியற்பாலது. அதற்கு ஞாயிற்றைச் சான்றாக்குதல் உவமையின்மேல் அது தாங்காத சுமையை ஏற்றுதலாம்.

இனி, உவமையை எல்லை கடந்து செலுத்துவார்பால் மற்றொரு குற்றமும் உண்டு. “பயன் ஏற்பார் நிலையால் வேறுபடுமெனின், துன்புற்றார் தம் குற்றத்தாலேயே துன்புற்றார்” என்று கூறி வாளாவிருப்பார் உளர். 1989 மார்ச்சு 13-இல் ஒரு காந்தப்புயலால் கனடாவின் கெபெக் மாநிலத்தில் மின்வழங்கல் அற்று, ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் மின்னின்றி இருந்தனர். மேல்வளியிற் பாய்ந்த மின்னோட்டம் நிலத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டிற்று. ஆண்டுள்ள வன்பாறை அதனை எளிதிற் கடத்தாமையின், அது நெடிய மின்கம்பிகளுட் புகுந்தது. இருளில் இருந்த முதியோரும் குழவியரும் அப்பாறையைப் பரப்பினரோ? கம்பிகளை நீட்டினரோ? நிலை வேறு, குற்றம் வேறு. வாடிய தாமரையை அதன் வாட்டத்திற்காகப் பழிப்பார் யார்?

தாமரை தன் நிலையைத் தானே அறிந்து மாற்றவல்லதன்று. மக்கள் அறிவுடையராகலின் வல்லர். கெபெக்கின் மின்கழகத்தார் பின்னர்த் தம் காப்புமுறைகளைத் திருத்தினர். கோள் ஏவினாரும் அடுத்த கோள்களை மேலும் உயரத்தே செலுத்தத் தலைப்பட்டனர். இந்தியாவின் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6-இல் ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் நிலையெய்தி ஞாயிற்றை நோக்கத் தொடங்கிற்று. அறிவு வளருந்தோறும் கடமையும் உடன்வளரும். புயல் எழுதல் எவர்க்கும் குற்றமன்று; அறியாதார் அதனாற் படும் துன்பமும் அவர் குற்றமன்று; வருவதை அறிந்தும் பிறரைக் காவாது இருத்தலே குற்றமாம்.

ஆகலின் ஞாயிற்றுவமையைக் கொண்டு முதல்வனை ஐயுறுதலும், அதனையே கொண்டு துன்புற்றாரைப் பழித்தலும் ஒருங்கே ஒழியற்பாலன. முன்னையது உவமையின் எல்லையை அறியாமையால் வருவது. பின்னையது இரக்கமின்மைக்கு உவமையைத் துணைக்கொள்வது. இரண்டனுள்ளும் பின்னையதே பெரும்பிழை என்பது எம் துணிபு. அறிஞர் ஆராய்ந்து கொள்க.