பாண்டியனின் மனசாட்சி

சிலப்பதிகாரத்தின் நெடுஞ்செழியனை நீதியின் உருவமாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். தவறு தெரிந்த கணத்தில் உயிரை விட்டவன் என்பது அவன் பெருமை. கோவலனுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. அரசனின் மனசாட்சி விழித்தது உண்மை. கோவலன் வெட்டுண்ட பிறகு விழித்தது.

கொலைக்களக் காதையைப் பார்க்கலாம். ஊடிய அரசியைத் தேடிப் போகும் வழியில் பொற்கொல்லன் வந்து சொல்கிறான். சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரும்படி ஆணை பிறக்கிறது. நிபந்தனை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சரிபார்க்கும் வேலை குற்றம் சாட்டியவனிடமே போய்ச் சேர்கிறது. இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்ற காவலர் பேச்சு எடுபடவில்லை. ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் இருந்த அரசு அது. யோசனை சொல்ல ஆட்கள் உண்டு, தடுக்க யாருமில்லை.

இதைவிடக் கொற்கையில் நடந்ததுதான் நம்மை உறுத்த வேண்டும். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் வந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான். குற்றவாளி ஒருவன், செத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்களை யார் விசாரித்தது? வருந்திச் செத்தது ஒரு மனிதன். அதிகாரம் வருந்தவில்லை, முழுசாக அடுத்தவன் கைக்கு மாறியது.

வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. இரண்டும் ஒருவரிடம் இருக்கக்கூடாது. யாரையும் திருடன் என்று நினைத்துச் செய்த ஏற்பாடல்ல இது. நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியே எழாதபடி செய்த ஏற்பாடு. அதிகாரப் பிரிவினை என்பதும் இதுதான்.

கொற்கைக்கு மேற்கே, அதே தாமிரபரணிக் கரையின் சேரன்மகாதேவித் தொகுதியிலிருந்து சென்றவர் பி.எச். பாண்டியன். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் என்ற பேச்சு அவரோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. 1987 ஏப்ரலில், அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. புண்பட்டதும் சபை, குற்றம் சாட்டியதும் சபை, தண்டித்ததும் சபை. எதிர்ப்பு எழவே சில நாட்களில் விட்டுவிட்டார்கள். ஆனால் விடுதலை அப்போது ஒரு தயவு மட்டுமே. கைது செல்லாது என்று பின்னால் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, ஆயிரம் ரூபாய் இழப்பீடு விதித்தபோதுதான் அது உரிமை ஆயிற்று. தொகை அற்பம். அதைச் சொல்ல வேறொரு இடம் இருந்தது என்பது அற்பமல்ல.

பிரித்து வைத்தால் மட்டும் போதுமா? போதாது. 1976இல், நெருக்கடி நிலையின்போது, சட்டவிரோதமாக அடைபட்டவனுக்கும் நீதிமன்றத்தை நாட வழியில்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் நால்வர் சொன்னார்கள். மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. நால்வரின் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே தவறென்று ஒதுக்க 2017 ஆயிற்று.

ஆக, மனசாட்சி வேண்டாத ஏற்பாடு எதுவுமில்லை. நெடுஞ்செழியனுடையது வருந்துகிற மனசாட்சி. கன்னாவுடையது மறுக்கிற மனசாட்சி. முன்னதை நாம் காவியமாக்கிக் கொண்டாடுகிறோம். பின்னது உட்கார ஒரு நாற்காலி வேண்டும். அரசன் தர முடியாத, பறிக்கவும் முடியாத நாற்காலி. மதுரையிலும் கொற்கையிலும் இல்லாமல் போனது அதுதான்.