கரையை நம்பி வந்த உயிர்கள்

தருமம் எண்ணத்தால் பிறப்பதா, செயலால் பிறப்பதா என்பது சான்றோர் பலகாலம் ஆராய்ந்த கேள்வி. உழவன் ஒருவன் தன் வயலுக்காக மண்ணைக் குவித்துக் கரை எழுப்புகிறான். மழைநீர் அங்கே தேங்குகிறது. அவன் அழைக்காமலே மீன்கள் பெருகுகின்றன. தவளையும் நத்தையும் குடியேறுகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. இவ்வுயிர்களுக்கு வாழ்வளிக்க வேண்டும் என்று அவன் ஒருபோதும் நினைத்ததில்லை. அவனுக்கு வேண்டியது நெல் மட்டுமே. அப்படியானால், நெல் வேண்டாம் என்றாகும் நாளில் அந்தக் கரையைச் சிதைய விட்டுவிட அவனுக்கு உரிமை உண்டா? அறியாமல் அடைக்கலம் தந்தவனுக்கும் அந்த அடைக்கலத்தைக் காக்கும் கடமை உண்டா?

விழிஞ்ஞத்தின் இரு கரைகள்

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம், ஆய் மன்னர்கள் காலத்திலேயே புகழ்பெற்ற துறைமுகம். இன்று அங்கே பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் சர்வதேசத் துறைமுகம் எழுந்துள்ளது. 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடலலையைத் தடுக்க ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லால் கரை கட்டியிருக்கிறார்கள். உலகமே அறிந்த கரை அது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே சென்றால் வெள்ளாயணி ஏரி இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் உப்பேறாத நன்னீர் ஏரி. விழிஞ்ஞம் உள்ளிட்ட சுற்றுப்புற ஊர்களுக்குக் குடிநீர் தருவதும் இதுவே. ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயல்களில் தாழ்வான மண்கரைகள் நீரைத் தேக்கி நிற்கின்றன. இவற்றுக்குத் திறப்பு விழா நடந்ததில்லை; கட்டியவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் நாரைகளும் கொக்குகளும் நீலத் தாழைக்கோழிகளும் இலைக்கோழிகளும் இந்தக் கரைகளை நன்கு அறியும்.

சிறு கரைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பேரணையில் நீர் ஆழமாகத் தேங்குகிறது. அதன் ஓரங்கள் பெரும்பாலும் செங்குத்தானவை. தாழ்ந்த மண்கரைக்குப் பின்னால் தேங்கும் நீரோ கணுக்கால் அளவிலும் முழங்கால் அளவிலும் பரந்து நிற்கும். நடந்து சென்று இரை தேடும் பறவைகளுக்கு இந்த ஆழமே ஏற்றது. சேற்றில் புழுக்களும் பூச்சிகளும் பெருகுவது இங்கேதான். ஈரநிலங்களைக் காக்க 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உலக உடன்படிக்கையும், ஈரநிலம் இயற்கையாய் அமைந்ததா மனிதன் அமைத்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பறவையும் அப்படிப் பார்ப்பதில்லை.

வெள்ளாயணியில் ஒரு காலத்தில் ஏரி நீரை இறைத்துவிட்டு நெல் விளைவித்தார்கள். பசித்த நாட்டுக்குச் சோறு வேண்டியிருந்த காலம் அது. பின்னர் அந்த வழக்கம் நின்றது. இப்போது வயலைவிட வீட்டுமனைக்கு விலை அதிகம். கரையைப் பேணும் உழவர் குறைந்துவருகிறார்கள். ஆகவே முதலில் எழுந்த கேள்வி இங்கே வெறும் தத்துவக் கேள்வியாக நின்றுவிடவில்லை.

"பறவைக்குச் சிறகு இருக்கிறது, இங்கே இல்லாவிட்டால் வேறிடம் போகும்" என்று சிலர் கூறுவதுண்டு. அந்த வேறிடத்தில் இருப்பவரும் இதையே கூறினால் அது எங்கே போகும்?

ஓர் ஊர் பெற்ற உறுதிமொழி

இந்தக் கேள்விக்குத் தமிழகத்தின் சிற்றூர் ஒன்று இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தன் வாழ்க்கையால் விடை கூறியது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்பே உடையது. பாசனத்துக்காக மண்கரை எழுப்பி அமைக்கப்பட்டது. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் பாம்புத்தாராவும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலந்து, மதகு வழியே வயலுக்கு உரமாகப் பாய்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் மனம் பொறாமல் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூருக்குக் கவுலாக எழுதித் தந்தார். 1858இல் ஊரார் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936இல் அரசு அந்த ஏரியைச் சரணாலயமாக ஏற்றது. 2022இல் அது ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

உரம் கிடைக்கிறது என்பதற்காகத்தானே காத்தார்கள், இது சுயநலம் அல்லவா என்று கேட்கலாம். கீதையின் மூன்றாம் அத்தியாயம் இதற்கு ஒளி காட்டுகிறது. உலகம் ஒருவரையொருவர் பேணுவதால் இயங்குகிறது. பெற்றதைத் திருப்பித் தராமல் நுகர்பவன் திருடனுக்கு ஒப்பானவன் என்பது அங்கே பகவான் உணர்த்தும் கருத்து. பயன் பெறுவது குற்றமன்று. பயனைப் பெற்றுக்கொண்டு, தந்தவரை மறப்பதே குற்றம். வேடந்தாங்கல் மக்களிடம் முதலில் தேவை இருந்தது. தேவையிலிருந்து நன்றி பிறந்தது. நன்றி கடமையாக முதிர்ந்தது. எண்ணாமல் செய்த நன்மையை எண்ணிச் செய்யும் தருமமாக அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

பருந்தின் பசி

ஆனால் காக்க வேண்டும் என்ற முடிவோடு கேள்வி ஓய்வதில்லை. காப்பதற்கான விலையை யார் தருவது?

ராஜஸ்தானின் பரத்பூரிலும் பறவைகளின் வாழ்விடம் ஒரு மண்ணணையிலிருந்தே தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் சூரஜ்மல் மன்னர் எழுப்பிய அஜான் அணையின் நீர் அங்குள்ள பள்ளத்தில் பரவியது. அங்கே எழுந்தருளியிருக்கும் சிவபெருமானின் பெயரால் அவ்விடம் கேவலாதேவ் எனப்படுகிறது. பிற்காலத்தில் அது அரசர்களின் வேட்டைக்களமானது. 1938இல் வைஸ்ராய் லின்லித்கோவின் குழுவினர் ஒரே நாளில் 4,000க்கும் மேற்பட்ட பறவைகளைச் சுட்டனர். அந்த இடமே 1982இல் தேசியப் பூங்காவாயிற்று. இது பெரிய மனமாற்றந்தான். ஆயினும் அதே ஆண்டு, சுற்றியுள்ள கிராமத்தாரின் எருமைகள் அங்கே மேயக் கூடாது என்று தடை வந்தது. எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் உயிரிழந்தனர். பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்து, பறவைகளுக்கே இடர் செய்தது. எளியவரை விலக்கிய பாதுகாப்பு, காக்க வந்த உயிர்களையும் காக்கவில்லை.

சிபிச் சக்கரவர்த்தியின் கதையை இங்கே ஆழ்ந்து நினைக்க வேண்டும். அடைக்கலம் புகுந்த புறாவை அவர் காத்தார் என்பதை அனைவரும் அறிவர். துரத்தி வந்த பருந்து கேட்ட கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "என் உணவைப் பறித்துவிட்டாய், என் பசிக்கு வழி என்ன?" என்றது அது. அரசர் அந்தப் பருந்தைக் கல்லெறிந்து ஓட்டவில்லை. ஏழைக் குடிமகன் ஒருவனின் ஆட்டை வாங்கி அதற்குத் தரவும் இல்லை. தராசின் ஒரு தட்டில் புறாவை வைத்து, மறுதட்டில் தம் தசையை அரிந்து வைத்தார். அவர் வழித்தோன்றல்கள் என்பதாலேயே சோழர் 'செம்பியன்' என்று பெயர் பெற்றனர். காக்கும் புகழ் தமக்கு, இழப்பு பிறருக்கு என்பது சிபியின் அறம் அன்று.

வெள்ளாயணிக் கரையில் வயலை வயலாகவே வைத்திருக்கும் உழவன், மனையாக விற்றால் கிடைக்கும் பணத்தை இழக்கிறான். அதன் பயனாக நிலத்தடி நீரும் குடிநீரும் பறவைகள் தரும் மகிழ்ச்சியும் நகரத்துக்குக் கிடைக்கின்றன. நெல்வயலையும் ஈரநிலத்தையும் மேடாக்குவதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2008இல் சட்டம் இயற்றியது. 2020இல், நெல்வயலைப் பேணும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் வழங்கும் முறையையும் தொடங்கியது. தொகை சிறிதே. எனினும் பயன் பெறுபவரும் சுமையில் பங்கேற்க வேண்டும் என்ற நீதி அதில் இருக்கிறது.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் இந்த நீதி இன்னும் எளிய வடிவில் விளங்குகிறது. வேட்டங்குடிக் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் அஞ்சக் கூடாது என்று அவ்வூரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை மகிழ்ச்சியில் ஒரு பங்கை அவ்வூர்க் குழந்தைகளே விட்டுத்தருகிறார்கள். தம்முடையதிலிருந்து தருவது என்பது இதுதான்.

முடிவடையாத வேள்வி

கல்லணைபோல் மண்கரை ஒருமுறை கட்டி முடிக்கும் பொருள் அன்று. எலியும் நண்டும் வளை தோண்டும். அந்த வளையில் நீர் கசியும். கசிவைக் கவனியாதிருந்தால் ஒரு பெருமழை இரவில் கரையே உடையும். அதனால்தான் முன்னோர் குடிமராமத்து என்ற முறையை வைத்தனர். ஆண்டுதோறும் ஊர் கூடி வண்டல் அள்ளி, கரையை உயர்த்தி, மதகைச் சீர்செய்தது.

இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து வேள்விகளில் ஒன்று பூத யக்ஞம். எல்லா உயிர்களுக்கும் உணவு அளிப்பது. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கமாக அது வீடுகளில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஓர் ஏரிக்கரையைப் பேணுவதும் அதே வேள்விதான். ஒரு பிடி மண் போட்டுக் கரையின் வளை ஒன்றை அடைப்பவன், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் உயிர்களுக்கு இலை போடுகிறான்.

கரையை முதலில் எழுப்பியவன் பறவையை நினைக்கவில்லை. அதனால் அவனுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் பறவை வந்துவிட்டது; தலைமுறை தலைமுறையாக அந்த நீரை நம்பிக் குஞ்சு பொரிக்கிறது. இதை அறிந்த பின்னும் கரையைக் கைவிடுபவன், அறியாதவனுக்குரிய மன்னிப்பைக் கோர முடியாது. அடுத்த பருவமழைக்கு முன் மண்வெட்டியோடு கரையில் இறங்குவதே அவன் செய்ய வேண்டியது. இறங்க இயலாதவர், இறங்குபவரின் சுமையில் தம் பங்கை ஏற்பதும் அதற்குச் சமமான தருமமே.