அமாவாசைச் சோறு

‘ஊர்மன்றத்தில் உழைப்பதால் எனக்கு என்ன கிடைக்கும்?’ என்ற வினா இளைஞர் நெஞ்சில் எழுவது இயல்பே. அதைக் குற்றமென்று கடிய வேண்டியதில்லை. அம்பூரி இளைஞராயின், விடையைத் தம் ஊரை அடுத்த நெய்யாற்றிடமே கேட்கலாம்.

அகத்தியமலையில் தோன்றும் அந்த ஆறு, அம்பூரியருகே நீர்த்தேக்கமாய் விரிந்து, பின் நெய்யாற்றின்கரையை நோக்கி இறங்கும் வழியில் அருவிப்புரத்தைத் தொடுகிறது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லையே சிவலிங்கமாக அங்குப் பிரதிஷ்டை செய்தார். கோயிற்பணிகளைக் கவனிக்க அன்பர்கள் ஒரு சிறு சங்கமாகக் கூடினர். ‘வாவூட்டு யோகம்’ என்பது அதன் பெயர். வாவு என்றால் அமாவாசை. அந்நாளில் வருவோர்க்கு உணவூட்டும் பணியையே பெயராகக் கொண்ட சங்கம் அது.

அவர்களுள் பலர் பெருங்கோயில்களின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். எட்டி நின்றவர்களே இங்கு இலையிட்டு, ‘வாருங்கள், அமருங்கள்’ என்று பிறரை அழைப்பவர்களாயினர். புண்ணியக் கணக்கினும் பெரியது இந்தப் பயன்: ‘அளிப்பதற்கு எனக்கும் உரிமை உண்டு’ என்ற நிமிர்வு. அந்நிமிர்வு அகந்தையாகத் திரிந்துவிடாமல் காப்பதற்குப் பந்திக்குப் பின் பாத்திரம் கழுவும் வேலை இருக்கவே இருக்கிறது!

அச்சங்கமே 1903-இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. மகாகவி குமாரன் ஆசான் அதன் முதற் செயலராகி ஏறத்தாழ 16 ஆண்டுகள் தொண்டாற்றினார். பொதுப்பணி கவிதைக்குரிய நேரத்தைத் தின்றுவிடும் என்று அவர் ஒதுங்கவில்லை. உதிர்ந்த மலரைப் பாடும் அவரது ‘வீணபூவு’ 1907-இல் வெளிவந்தபோதும் அவர் அந்தப் பொறுப்பில்தான் இருந்தார்.