அமைதி என்று ஒரு பெயர்

தங்கச்சியின் மகன் போன ஆவணியில் ஒக்லாந்தில் இருந்து வந்து நல்லூரில் எங்களோடு மூன்று கிழமை நின்றான். வந்த அன்று பின்னேரமே கைபேசியில் படங்கள் காட்டத் தொடங்கிவிட்டான். இங்கே வர முன்னர், நாலு நாள் லீவில் நியுவே என்ற தீவுக்குப் போய்வந்திருக்கிறான். பசிபிக் கடலின் நடுவே பொலினேசியர்களின் குட்டி நாடு. ஒக்லாந்தில் இருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். இடையில் நாட்கோட்டைத் தாண்டுவதால், செவ்வாய்க்கிழமை ஏறினால் திங்கட்கிழமை இறங்கலாமாம். "போகேக்கை ஒரு நாள் லாபம் மாமா" என்று சிரித்தான்.

படங்களில் கடலைவிடத் தரைதான் என்னை இழுத்தது. முழுத் தீவும் கடலுக்கு மேலே எழும்பி நிற்கும் முருகைக்கல். ஆறு இல்லை, பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கிவிடுகிறது. சில வீடுகளுக்குக் கதவு இல்லை, உள்ளே மரம் முளைத்திருந்தது.

"ஆக்கள் எங்கை?" என்று கேட்டேன்.

"எல்லாரும் எங்கடை பக்கம்தான்" என்றான். 260 சதுர கிலோமீற்றர் தீவில் இன்று இருப்பவர்கள் 1,700 பேர் அளவில். நியூசிலாந்தில் தங்களை நியுவேக்காரர் என்று பதிந்தவர்கள் 30,000க்கு மேல். "ஆனா என்ன ஒரு அமைதி மாமா, சொல்லி வேலையில்லை!"

எனக்கு ஏதோ நெஞ்சில் தட்டியது. அதை விட்டுவிட்டு, "எங்களிட்டையும் இப்பிடி ஒண்டு கிடக்கு, நெடுந்தீவு. ரெண்டு நாள் நிண்டு வருவம்" என்றேன்.

"நீங்கள் போயிருக்கிறியளோ?"

போயிருக்கிறேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில், காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினது. ஐம்பது வருடமாக அந்த அரைநாளை வைத்துத்தான் 'நெடுந்தீவு பார்த்தாச்சு' என்று சொல்லிவருகிறேன்.

இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு என்று பஸ் போனது. புங்குடுதீவில் ஓரிடத்தில் மருமகன் யன்னலால் எட்டி ஒரு வீட்டைப் படம் எடுத்தான். கூரை இல்லை, சுவரைக் கட்டிப்பிடித்தபடி ஓர் ஆலமரம். "வடிவா இருக்கு என்ன?" என்று கேட்டான். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறிகட்டுவானில் இருந்து படகு ஒரு மணி நேரம் ஓடும். சோளகக் காற்றில் கடல் தூக்கிப் போட்டது. சுற்றுலாப் பயணிகள் மேலே நின்று படம் எடுத்தார்கள். ஊர்ச்சனம் அரிசி மூட்டைகளுக்கும் காஸ் சிலிண்டர்களுக்கும் நடுவே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக் கண்ணயர்ந்திருந்தது. கடலைப் பார்க்கிறவர் யார், கடலைக் கடக்கிறவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போன பல சனம், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டது இந்தக் கடலில்தான். அதற்குப் பிறகும் அந்த ஊருக்கு இந்தக் கடலை விட்டால் வேறு வழி இல்லை.

மாவிலித்துறையில் இறங்கினதும் பட்டாக்காரர்களும் ஓட்டோக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று மணி நேரத்தில் எல்லாம் காட்டிப் பின்னேரப் படகுக்குக் கொண்டுவந்து விடுவதுதான் அவர்களுடைய கணக்கு. பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெரிய பாதம், வளரும் கல், குதிரைகள். நாங்கள் இரவு தங்கப்போகிறோம் என்றதும் எங்களை ஏற்றினவர் திரும்பிப் பார்த்தார். "தங்கி என்ன செய்யப்போறியள் அண்ணை?"

தங்கினதால்தான் கண்ணில் பட்டதெல்லாம் மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது.

முதலில் கல்வேலி. குடாநாட்டில் எங்களுக்குக் கிடுகு வேலியும் கதியாலும்தான். இங்கே சீமெந்தோ சுண்ணாம்போ இல்லாமல் முருகைக்கல்லைக் கல்லின் மேல் கல்லாக அடுக்கி, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை மதில். மருமகன் அதைச் சிற்பம் போல் தடவிப் பார்த்தான். நட்டுவைக்க மரம் இல்லாத, தோண்டினால் கல்லே வருகிற நிலத்தில், தோட்டத்துக்கும் இடம் வேண்டும், மாட்டையும் மறிக்கவேண்டும். பொறுக்கின கல்லை எங்கே போடுவது? வேலியாகிவிட்டது. நாங்கள் வடிவு என்று கண்டது பல தலைமுறைகளின் முதுகு வலி.

பிறகு குதிரைகள். வெட்டைவெளியில் பிடரி பறக்க ஓடும்போது 'சுதந்திரம்' என்ற சொல் தானாக வாயில் வரும். அந்நிய ஆட்சியில் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. பராமரிக்க ஆள் இல்லாமற் போனபின் எஞ்சினவை. கோடையில் குளம் வற்றினால் தண்ணீருக்கு அலைந்து செத்துப்போவதும் உண்டு. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது நல்லதுதான். ஆனாலும் கைவிடப்பட்டதை நாங்கள் சுதந்திரம் என்று வாசித்தோம் என்பது உண்மை.

இரவு நாங்கள் தங்கின வீட்டில் எழுபது தாண்டின ஓர் ஆச்சி. ஒடியற்கூழ் காய்ச்சித் தந்தா. குடிக்க ஒரு செம்பு தண்ணீர் வைக்கும்போது, "இது சாராப்பிட்டித் தண்ணி, நல்ல தண்ணி. முகம் கழுவ மற்ற வாளி" என்று பிரித்துச் சொன்னா. சுற்றிவரக் கடல் கிடக்கும் ஊரில் நல்ல தண்ணீருக்கு ஒரு பெயர் உண்டு, அது வருகிற கிணறுகளுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தச் செம்பை அரைவாசியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முற்றத்தில் இருந்தோம். காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. வெள்ளிகள் கைக்கெட்டும் போலிருந்தன. நான்தான் சொன்னேன்: "நல்ல அமைதியான இடம் ஆச்சி."

ஆச்சி பாக்கை வாயில் போட்டபடி, "அமைதி எண்டில்லைத் தம்பி, ஆக்கள் இல்லை" என்றா. கோபமாக அல்ல, சந்தையில் மீன் இல்லை என்பது போல. பிறகு கையை நீட்டி ஒவ்வொரு திசையாகச் சொன்னா. அந்த வளவுக்காரர் வவுனியாவில். இந்த வீடு பிரான்சில். அதற்கு அங்காலே கனடா. "அந்தக் காலம் இந்த நேரம் பாக்கோணும், பெடியளின்ரை சத்தத்திலை ஒருத்தரும் படுக்கேலாது."

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெயர்களைப் பற்றி யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

1774இல் கப்டன் குக் நியுவேயில் இறங்கப் பார்த்தார். அந்தச் சனம் விடவில்லை, கல்லெறிந்து கலைத்தது. அவர் போகிறபோது வைத்த பெயர் 'காட்டுமிராண்டித் தீவு'. கொஞ்ச நேரம் நின்றவர் கோபத்தில் சொன்ன சொல் நூறு வருடத்துக்கு மேல் வரைபடங்களில் இருந்தது. எங்கள் தீவுகளுக்கும் ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். மற்றவை உதிர்ந்துபோக, நெடுந்தீவுக்கு மட்டும் டெல்வ்ற் என்ற பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வந்துபோகிறவனின் சொல்லுக்கு அவ்வளவு பலம். இருக்கிறவனை அது கேட்பதில்லை.

நாங்கள் வைக்கும் 'அமைதி'யும் அப்படி ஒரு பெயர்தான். குக் வசையாகச் சொன்னார், நாங்கள் பாராட்டாகச் சொல்கிறோம். இரண்டும் அந்த ஊரின் கதையை மூடிவிடுகின்றன. 50 சதுர கிலோமீற்றர் அளவான நெடுந்தீவில் இன்றைக்கு இருப்போர் ஐயாயிரத்தைத் தொடார். ஒருவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு நொந்தால், அந்த அமைதிக்கு நடுவே படகுச் சத்தம் கேட்குமா என்றுதான் வீட்டார் காது கொடுத்திருப்பார்கள்.

அதற்காகப் போகாமல் இருக்கச் சொல்லவில்லை. போகிறவர்கள் இல்லாவிட்டால் பட்டாக்காரருக்கு வருமானம் இல்லை, கூழ் காய்ச்சிக் கொடுக்க ஆச்சிக்கு ஆள் இல்லை. குறுகின நாளில் ஓர் ஊரை முழுதாக அறியவும் ஏலாது. அதில் குற்றம் இல்லை. ஆனால் ஓர் இரவாவது தங்குங்கள். அங்கே சமைத்ததைச் சாப்பிடுங்கள், நல்ல தண்ணீரை மிச்சம் வையாமல் குடியுங்கள். 'பார்த்தாச்சு' என்று சொல்ல முன்னர், ஆக்கள் எங்கே என்று ஒருதரம் கேளுங்கள்.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு கேள்வி.

திரும்பும்போது குறிகட்டுவானில் பஸ் ஏறவில்லை. ஓட்டோ பிடித்து, மருமகன் படம் எடுத்த வீட்டடியில் நிற்பாட்டச் சொன்னேன். நாயுண்ணிப் பற்றையை விலக்கி வாசல்வரை போனோம்.

"உன்ரை அம்மா பிறந்த வீடு" என்றேன்.

1991இல் இதைப் பூட்டிவிட்டு இரண்டு உடுப்புப் பையோடு வெளிக்கிட்டோம். ஓட வேண்டித்தான் ஓடினோம், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் போர் முடிந்து இத்தனை வருடத்தில், நல்லூரில் இருந்து ஒரு மணி நேரத்தில் வரக்கூடிய இடத்துக்கு நான் எத்தனை தரம் வந்தேன்? புங்குடுதீவின் அமைதியில் என் பங்கும் இருக்கிறது. திறப்பு இப்போதும் என் அலுமாரிக்குள் கிடக்கிறது, கதவுதான் இல்லை.

மருமகன் ஒன்றும் கதைக்கவில்லை. அன்றிரவு அந்தப் படத்தைத் தாய்க்கு அனுப்பினான். விடிய மறுமொழி வந்திருந்தது. வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. "கிணறு கிடக்கோ?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

கிணறு கிடக்கிறது. புரட்டாதியில் ஆள் பிடித்து, வளவைத் துப்புரவாக்கி, அதை இறைத்தோம். தண்ணீர் கொஞ்சம் உவர்.