காணாதவர் கையிலிருந்து உண்பது

2008 மார்ச்சில் இத்தாலியின் கம்பானியா வட்டாரத்து எருமைப்பால் சிலவற்றில் டயாக்சின், அதாவது குப்பை எரியும்போதும் உண்டாகும் நச்சு வேதிப்பொருள், வரம்பை மீறியிருந்ததாகத் தெரியவந்ததும், தென்கொரியா அங்கிருந்து வரும் மொசரெல்லா பாலாடைக்கட்டியின் இறக்குமதியை நிறுத்திவைத்தது. புகையோடு எழுந்து புல்லில் படிந்து, மேய்ந்த எருமையின் பாற்கொழுப்பில் சேர்ந்து, உண்பவரின் உடற்கொழுப்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும் இந்த நஞ்சை நாக்கு அறியாது. ஆகவே கடல் கடந்து வாங்குபவர், தாம் ஒருபோதும் காணாத மனிதரின் நேர்மையை நம்பியே உண்கிறார். தொலைவில் விழும் விளைவுக்கும் செய்தவரே பொறுப்பு என்று 1979இல் வெளியான நூலில் வாதிட்ட, ஜெர்மனியில் பிறந்த தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ், ஐயம் எழும்போது தீய கணிப்புக்கே முதலிடம் தரவேண்டும் என்றார். அந்த அளவுகோலின்படி, நோயாளி தோன்றும்வரை காத்திராமல் தடைவிதித்தது அறமே. ஆனால் குப்பையை எரித்தவரின் பழியை அறியாமல் பால் கறந்தவர்மீது சுமத்துவது அநீதி.