எதிராளியின் அலமாரி

திருவாசகத்தை ஆராயப் புகும் மாணவி நூலகத்தில் எந்தப் பக்கம் திரும்புவது? டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811, இந்து சமயத்துக்கு 294.5. இருப்பது ஒரே பிரதி என்றால் நூலகர் ஏதாவது ஓரிடத்தில்தான் வைத்தாக வேண்டும். சமயத்தில் வைத்தால் யாப்பைத் தேடி வருபவர் கண்ணில் படாது. இலக்கியத்தில் வைத்தால் இறையனுபவத்தைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். எண்ணுக்குப் பின்னால் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது: சமய நூல் யாருக்கு உரியது, நம்புகிறவருக்கா, படிக்கிறவருக்கா?

உ.வே.சாமிநாதையர் இதைச் செயலில் எதிர்கொண்டார். அவர் சைவ மடத்தில் தமிழ் கற்றவர். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று 1880இல் அவரைக் கேட்டார். அது சமணக் காப்பியம். ஏடு கையில் இருந்தும் சமயச் செய்திகள் விளங்கவில்லை. ஐயர் தயங்கவில்லை, அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் நூல் அச்சேறியது. அந்த நம்பிக்கை அவருடையது அல்ல. ஆனால் நம்பியவர்களைக் கேட்காமல் அதற்குப் பொருள் சொல்ல அவர் துணியவில்லை. ஆய்வு நேர்மை என்பது இதுதான்.

குண்டலகேசியின் கதை இன்னும் சிக்கலானது.

ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான இந்தப் பௌத்த நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. பௌத்த நூல்களுக்குள் மட்டும் தேடுகிறவர் அதை அடையவே முடியாது. அதை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல் நீலகேசி. அதைச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையோடு அ.சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார். குண்டலகேசியின் வாதங்களைப் பற்றி இன்று அறிய முடிவதில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதே. மறுக்க வந்தவர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்!

இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. எதிர்த்தரப்பை முதலில் எடுத்துரைத்து, பிறகே தன் தரப்பை நிறுவுவது இந்தியத் தர்க்க மரபு. அதற்குப் பூர்வபட்சம் என்று பெயர். சிவஞான சித்தியாரில் பிற சமயக் கொள்கைகளைக் கூறி மறுக்கும் பரபக்கம் முன்னே வருகிறது, சுபக்கம் பின்னே வருகிறது. மணிமேகலையும் வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்ட பிறகே பௌத்தத்தை ஏற்கிறாள்.

ஆனால் எதிராளியின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? புறத்திரட்டு என்ற தொகைநூலும் குண்டலகேசிப் பாடல்கள் சிலவற்றைக் காத்துத் தந்திருக்கிறது. அது அறப்பொருள் நோக்கில் தொகுத்த நூல் என்பதால், அதில் உள்ளவை இளமை கழிவதையும் உடலின் நிலையாமையையும் பேசும் செய்யுள்கள். தர்க்கம் அங்கே இல்லை. அது நீலகேசி உரையில்தான் இருக்கிறது. அங்கேயோ காப்பியத் தலைவி குண்டலகேசி வாதில் தோற்றுப்போகிறாள். அவள் தன் சொந்தக் காப்பியத்தில் அந்த மறுப்புகளுக்கு இடம் கொடுக்காதபடி எப்படி வாதிட்டிருந்தாள் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க மூல ஏடு கிடைக்கவில்லை. ஆகவே நீலகேசியைப் புரட்டும் ஆய்வாளர் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது: வாமன முனிவர் மேற்கோளாகத் தரும் அடிகளைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும், பௌத்தரின் கருத்து என்று அவர் தம் சொல்லில் சுருக்கிச் சொல்வதை வேறாகக் குறித்துவைக்க வேண்டும்.