நெஞ்சைப் பிளந்து பார்த்தவர் யார்?

மனிதன் உள்ளத்தில் மறைந்திருப்பதைப் பிறர் அறிய முடியுமா என்னும் வினா மிகப் பழையது. மூளை இயங்கும்போதே அதனைப் படமெடுக்கும் கருவி வந்தபின், அவ்வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது போலச் சிலர் பேசுகின்றனர். படத்தில் ஓரிடம் செந்நிறமாக ஒளிர்வதைக் காட்டி, இதுவே அச்சம், இதுவே பொய், இதுவே இறைநினைவு என்கின்றனர். இக்கூற்றை எவ்வளவு தூரம் ஏற்கலாம்?

ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியைக் கேட்டதும், அஃது எவர் வழியாக வந்தது என்றே முதலில் வினவுவர். அறிவிப்பாளருள் ஒருவர் நினைவாற்றல் குன்றியவராயினும் செய்தி பலவீனமாகிவிடும். மூளைப் படத்தையும் இவ்வாறே ஆராய்தல் தகும்.

அப்படம் எண்ணத்தைப் பிடித்ததன்று. நரம்பின் துடிப்பைப் பிடித்ததுமன்று. நரம்புகள் உழைக்கும் இடத்திற்கு உயிர்வளி மிக்க குருதி பாய்கிறது. உயிர்வளி ஏற்ற குருதிக்கும் அதனை இழந்த குருதிக்கும் காந்தத் தன்மை வேறு. இவ்வேறுபாட்டைப் படமாக்க முடியும் என்பதை, அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் ஸெய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளைக் கொண்டு காட்டினார். அக்குருதியோட்டம் உச்சத்தை எட்டவோ ஐந்தாறு வினாடிகள் ஆகும். ஆக, நரம்பின் செய்தியைக் குருதியும், குருதியின் செய்தியைக் காந்தமும், காந்தத்தின் செய்தியைக் கணினியும் அறிவிக்கின்றன. நாம் காண்பது கண்கண்ட சாட்சியன்று; பல கைமாறி வந்த அறிவிப்பே.

இவ்வறிவிப்பு எவ்வாறு பிழைபடும் என்பதை அத்துறையினரே காட்டியுள்ளனர். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், செத்த ஸால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினர். அதன் மூளையிலும் ஒளிப்புள்ளி தோன்றியது! இதில் மாயமில்லை. நூற்றுக்கு ஐந்து தவறு நேரலாம் என்னும் அளவுகோலால் ஓரிலட்சம் புள்ளிகளைச் சோதித்தால், ஒன்றுமே நிகழாவிடினும் ஐயாயிரம் புள்ளிகள் தற்செயலாக ஒளிரும். கணக்கைத் திருத்தியதும் மீனின் 'சிந்தனை' மறைந்தது.

நூற்றுக்கு ஐந்தே பொய்யாகும் என நம்பப்பட்ட சில கணினிக் கணக்கு முறைகளில், பொய்ம்முடிவு எழுபது வரை ஏறக்கூடும் என்று 2016-இல் வெளியான ஆய்வு கூறியது. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே தரவை எழுபது குழுவினரிடம் கொடுத்தபோது, ஒரே வினாக்களுக்கு அவர்கள் வெவ்வேறு விடைகள் கண்டனர்.

தம் குறையைத் தாமே வெளியிட்ட இவ்வறிஞர்களை இகழ்தல் முறையன்று. அறிவு ஓர் அமானிதம். அதனைக் கறைபடாமல் ஒப்படைக்க முயல்வோர் போற்றுதற்குரியோர். எதனைத் தேடப்போகிறோம் என்பதை ஆய்வுக்கு முன்பே எழுதிப் பதிவு செய்தல், மிகுதியானவர்களைச் சோதித்தல், மூலத் தரவைப் பிறரும் சரிபார்க்கத் திறந்து வைத்தல், தலையின் சிறு அசைவையும் கணக்கில் கொள்ளுதல் என்று அவர்கள் திருந்திய வழிகளை வகுத்து வருகின்றனர். செயலுக்கு முன்னர் நிய்யத்தை நேராக்கிக்கொள்ளும் நமக்கு இவ்வொழுங்கு புதியதன்று.

ஆயின் படம் எவ்வளவு துல்லியமானாலும் ஓர் எல்லை உண்டு. குருதி எங்கே பாய்ந்தது என்று அது சொல்லும். எந்த நோக்கத்தோடு என்று சொல்லாது. போர்க்களத்தில் கலிமா மொழிந்த ஒருவரை உஸாமா (ரலி) அவர்கள் கொன்றுவிட்டு, அவர் ஆயுதத்துக்கு அஞ்சியே மொழிந்தார் என்றபோது, அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரோ என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டார்கள். இன்று கருவி வைத்திருப்போரும் அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்களே.

2010-இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஒரு கூட்டரசு நீதிமன்றம், ஒருவர் பொய்யர் அல்லர் என நிறுவக் கொணர்ந்த மூளைப் படத்தைச் சான்றாக ஏற்க மறுத்தது. அதே ஆண்டில் இந்திய உச்சநீதிமன்றமும், மூளையின் மின்னலைகளைக் கொண்டு செய்யும் சோதனையை ஒருவரது இசைவின்றி நடத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. ஐயத்தின் மேல் ஒருவரைக் குற்றவாளியாக்குதல் நீதியன்று.

நோயறியவும் நோவு தீர்க்கவும் இக்கருவி பயன்படட்டும். அதன் பார்வை நாளும் கூர்மை பெறட்டும். உள்ளங்களை முற்றும் அறிந்தவன் ஒருவனே. அவனுடைய இருக்கையில் கருவியை அமர்த்தாமல் இருப்பதும் அறிவின் ஒரு பகுதியே.